ரெட் டாட் வாங்குமுன் வாரண்டிச் சீட்டைப் படியுங்கள்

2015 நவம்பரில் அமெரிக்காவின் எல்-3 நிறுவனம் அந்நாட்டு அரசுக்கு 2.56 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதன் கிளையான இயோடெக் தயாரித்த துப்பாக்கிக் குறிநோக்கிகள் உறைபனியிலும் கடும் வெயிலிலும் பழுதின்றி வேலை செய்யும் என்று சொல்லி ராணுவத்துக்கும் எஃப்.பி.ஐ.க்கும் விற்கப்பட்டவை. உண்மையில் வெப்பநிலை மாறினால் குறி நகர்ந்தது. நிறுவனத்துக்கு இது பல ஆண்டுகளாகத் தெரியும் என்பதுதான் அரசின் குற்றச்சாட்டு. எஃப்.பி.ஐ. தானே சோதித்துக் கண்டுபிடித்து, முடிவுகளைக் கொண்டுபோய் நிறுவனத்தின் முன்னால் வைக்க வேண்டியிருந்தது. சமரசம் ஏற்பட்ட கையோடு, கடையில் வாங்கிய சாதாரண மக்களுக்கும் முழுப் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது.

அவை பெரும்பாலும் ரைஃபிளில் மாட்டப்படும் ஹாலோகிராஃபிக் வகை. போட்டிப் பிஸ்டலின் முதுகில் உட்கார்ந்து, கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் ரெட் டாட் குறிநோக்கி வேறு சரக்கு. ஆனாலும் அமெரிக்காவில் வசித்துக்கொண்டு ரெட் டாட் வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வழக்கைத்தான். புள்ளியின் அளவு, பேட்டரியின் ஆயுள் பற்றி அறிவுரை சொல்லக் கிளப்பில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பெட்டியின்மேல் அச்சடித்த வரி வாங்கியவரின் உரிமை என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

பலருக்குப் பணம் வீணாவது கடைக்குப் போகும் முன்பே, போட்டியின் விதிப்புத்தகத்தைத் திறக்காததால். 1990-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த பிஸ்டல் உலகப் போட்டியை அமெரிக்க வீரர் டக் கோனிக் ரெட் டாட் பொருத்திய பிஸ்டலால் வென்றார். அந்தக் காலத்து ரெட் டாட் குழாய்போல நீண்டிருக்கும். தனித் தாங்கி வைத்து ஃப்ரேமில் மாட்டுவார்கள். இன்று அமெரிக்கத் துப்பாக்கி சுடுதல் சங்கமான யு.எஸ்.பி.எஸ்.ஏ.வின் போட்டிகளில் புதியவர்கள் விரும்பிச் சேரும் கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் அப்படி மாட்டினால் செல்லாது. குறிநோக்கி ஸ்லைடின் மேலேயே இருக்க வேண்டும். பிஸ்டலின் மொத்த எடை 59 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. பெரிய போட்டிகளில் தராசு வைத்துப் பார்ப்பார்கள். தவறினால் உங்களை ஓப்பன் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே உதையைக் குறைக்கும் காம்பென்சேட்டர் பொருத்தி, பல ஆயிரம் டாலர் கொட்டிச் செய்த பிஸ்டல்களோடு மோத வேண்டும். அதற்குக் கடைக்காரர் பொறுப்பல்ல. விதிகளும் அடிக்கடி திருத்தப்படுகின்றன. நடப்புப் பதிப்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஸ்க்ரூ. சொல்லக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ரெட் டாட் பற்றிய புகார்களில் நிறைய இங்கேதான் பிறக்கின்றன. ட்ரிஜிகான் ஆர்.எம்.ஆர்., லியூபோல்ட் டெல்டாபாயிண்ட் ப்ரோ, ஏம்பாயிண்ட் ஆக்ரோ என்று ஒவ்வொன்றுக்கும் அடிப்பாகத்தின் அமைப்பு வேறு. இதை ஃபுட்பிரிண்ட் என்கிறார்கள். ஸ்லைடின் வெட்டும் இதுவும் பொருந்தாவிட்டால் நடுவில் ஒரு தகடு வேண்டும். ஒவ்வொரு வேட்டுக்கும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து முட்டித் திரும்புவதால், குறைவாக முறுக்கிய ஸ்க்ரூ தளர்ந்து புள்ளி ஊர்ந்துகொண்டே போகும். அதிகம் முறுக்கினால் ஸ்க்ரூ அறுந்துவிடும். ஸ்க்ரூ கொஞ்சம் நீளமாக இருந்தால் சில பிஸ்டல்களில் அது எக்ஸ்ட்ராக்டரின் பாகத்தில் முட்டி, சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல் சிக்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்கி, ஸ்க்ரூ தலையிலும் ஸ்லைடிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது. வாரண்டி கேட்டு எழுதும்போது அந்தக் கோட்டின் படமே நல்ல சாட்சி.

புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கோணக் கணக்கில் சொல்வார்கள். 100 மீட்டரில் 1 எம்.ஓ.ஏ. ஏறக்குறைய 2.9 செ.மீ. ஆகவே 25 மீட்டரில் 6 எம்.ஓ.ஏ. புள்ளி இலக்கில் சுமார் 4.4 செ.மீ. இடத்தை மறைக்கும், 3 எம்.ஓ.ஏ. என்றால் அதில் பாதி. ஓடி ஓடிச் சுடுகிறவருக்குப் பெரியது, நின்று நிதானித்துச் சுடுகிறவருக்குச் சிறியது. இதற்குமேல் இதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

கண் விஷயம் வேறு. புதுச் சரக்கை வாங்கி வந்து பார்த்தால் புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்தும் சிதறியும் தெரிகிறது என்று பலர் திருப்பி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் பழுது பொருளில் இல்லை. பார்ப்பவருக்கு அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறைபாடு இருக்கிறது. சோதிப்பது எளிது. பிஸ்டலில் மாட்டுவதற்கு முன்பே, குறிநோக்கியைத் தனியாக மேசைமேல் வைத்து, அதன் வழியாகக் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் போக வேண்டியது கண் மருத்துவரிடம். படத்திலும் சிதறினால் அந்தப் படத்தையே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ‘பாரலாக்ஸ் அறவே இல்லை’ என்ற விளம்பரத்தையும் இப்படியே சோதிக்கலாம்: குறிநோக்கியை அசையாமல் நிறுத்தி, தலையை மட்டும் நகர்த்தினால் புள்ளி இலக்கைவிட்டு எவ்வளவு விலகுகிறது என்று தெரியும். துளிகூட விலகாத ஒன்று சந்தையில் கிடையாது.

எல்.இ.டி. வெளியே தெரியும் திறந்த வகையா, அதை உள்ளே அடைத்த மூடிய வகையா என்ற பட்டிமன்றம் முடியாது. எல்.இ.டி.யின் ஒளியை முன்கண்ணாடி திருப்பி அனுப்புவதால்தான் புள்ளி தெரிகிறது. திறந்த வகையில் அந்த எல்.இ.டி.மேல் ஒரு மழைத்துளி விழுந்தாலே புள்ளி சிதறிவிடும். மழையில் போட்டி நடக்கும் ஊர் என்றால் மூடியதை வாங்குங்கள். பேட்டரியை மாற்றக் குறிநோக்கியையே கழற்ற வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் கழற்றி மாட்டியபின் குறியைச் சரிபார்க்காமல் போட்டிக்குப் போக முடியாது. உள்ளே போடும் நாணய வடிவ லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். மாற்றிய பழைய பேட்டரி மேசைமேல் கிடக்க வேண்டாம்.

இனி சட்டம். 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் நுகர்வோர் பொருள்களுக்கான எழுத்து வாரண்டிகளைக் கட்டுப்படுத்துகிறது. 15 டாலருக்கு மேற்பட்ட பொருளின் வாரண்டி வாசகத்தை வாங்கும் முன்பே காட்டச் சொல்லிக் கேட்கலாம். காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். தலைப்பில் ‘ஃபுல்’ என்றிருக்கிறதா, ‘லிமிடெட்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். ஃபுல் என்றால் முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்று சுருக்க முடியாது. பலமுறை முயன்றும் சரிசெய்ய முடியாவிட்டால் பணமா, புதிய பொருளா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. லிமிடெட் என்றால் நிபந்தனைகள் உண்டு. ‘வாழ்நாள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, எலக்ட்ரானிக்ஸுக்குச் சில ஆண்டுகள் மட்டும் என்று பொடி எழுத்தில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ரெட் டாட்டில் கெட்டுப்போவதே எலக்ட்ரானிக்ஸ்தான் என்பதால் அந்த வாழ்நாளால் பெரிய பயன் இல்லை. பழைய சரக்கு வாங்குவோர் வாரண்டி கைமாறுமா என்று கட்டாயம் கேட்க வேண்டும். வோர்டெக்ஸ் போன்ற சிலர் யார் கையில் இருந்தாலும் ஏற்கிறார்கள், எல்லோரும் அப்படியல்ல.

வெளியார் தகட்டைப் போட்டீர்கள், ஆகவே வாரண்டி போச்சு என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். தங்கள் பாகத்தையே பயன்படுத்த வேண்டும் என்று, அதை இலவசமாகத் தராத பட்சத்தில், வாரண்டியில் கட்டாயப்படுத்த அந்தச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. 2022-ல் ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் வாரண்டியில் இருந்த அத்தகைய நிபந்தனையை நீக்கவைத்தது ஃபெடரல் டிரேட் கமிஷன். ஆனால் அந்தத் தகடோ ஸ்லைடை வெட்டிய மில்லிங் வேலையோதான் பழுதுக்குக் காரணம் என்றால் நிறுவனம் கைவிரிக்கலாம். எனவே மறுப்பு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இல்லை. எழுத்துக்கும் மசியாவிட்டால் சிறு வழக்கு மன்றம் இருக்கிறது, வக்கீல் இல்லாமலே போகலாம். இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டு வென்றால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பே தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

போலிகள் தனி ஆபத்து. ஏர்சாஃப்ட் பொம்மைத் துப்பாக்கிக்குச் செய்த நகல்கள், அசல் நிறுவனத்தின் பெயரோடும் முத்திரையோடும் இணையச் சந்தைகளில் உலவுகின்றன. நிஜத் துப்பாக்கியின் உதையில் அவை கழன்று பறக்கலாம், கண்ணாடி உடையலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் எந்த ரேஞ்சிலும் நிற்காதீர்கள். விலை பாதிக்குக் கீழே என்றால் சீரியல் எண்ணை நிறுவனத்திடமே கேட்டுச் சரிபாருங்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் 1974-ஆம் ஆண்டின் ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டம் துணைக்கு வரும். சொன்ன பொருள் வராவிட்டால், அதற்கான தொகையை, அது இடம்பெற்ற பில் வந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுதி மறுக்கலாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்தக் கதவு திறக்காது.

கடைசியாக, ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போகலாம் என்ற யோசனை வேண்டாம். ரெட் டாட் உள்ளிட்ட துப்பாக்கிக் குறிநோக்கிகளை அமெரிக்க வணிகத் துறை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது. பல நாடுகளுக்கு அனுப்ப உரிமம் தேவை. பரிசுப் பொருள் என்று சொன்னால் மட்டும் தப்பிக்க முடியாது. சென்னையில் பிஸ்டல் பழகும் மருமகனுக்கு அது எப்படியும் உதவாது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் முதல் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் வரை, ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகள் எதிலும் திறந்த குறி தவிர வேறெதற்கும் சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதி இடம் தரவில்லை.