ஊற்றைத் தள்ளும் வாயு

கனிம ஊற்று என்றதும் பலருக்கு ஆவி பறக்கும் வெந்நீர்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சரடோகா ஸ்பிரிங்ஸ் ஊற்றுகளில் வருவதோ சில்லென்ற தண்ணீர். நுரைத்துக்கொண்டு வரும், உப்புக் கரிக்கும், சில ஊற்றுகளில் இரும்பு வாடையும் தூக்கும். அந்தத் தண்ணீர் ஏன் மேலே வருகிறது என்பது புரிந்துவிட்டால் ஊரின் சரித்திரமும் புரிந்துவிடும்.

அங்கே நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை அடுக்குகள். அவற்றின்மேல், நீர் எளிதில் புகாத களிப்பாறை மூடிபோலப் படர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அடைபட்ட தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன; கூடவே ஏராளமான கரியமில வாயு. ஊரின் குறுக்கே ஓடும் நிலப்பிளவில் மூடி விட்டுப்போன இடங்களில் வாயு தண்ணீரையும் தள்ளிக்கொண்டு மேலேறுகிறது. கோலி சோடாவில் குண்டை உள்ளே தள்ளியதும் பொங்குகிறதே, அந்த வேலைதான். வாயு போய்விட்டால் தண்ணீர் கீழேயே கிடக்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தை முதலில் அறிந்தவர்கள் மோஹாக் பழங்குடியினர். அவர்கள் போற்றிய ஊற்றின் பெயர் ஹை ராக். தண்ணீரிலிருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து, ஏறக்குறைய நாலடி உயரக் கூம்புப் பாறையாகவே எழும்பியிருக்கிறது. உச்சியில் ஒரு துளை. 1866-ல் பழுது பார்க்க அந்தக் கூம்பைப் பெயர்த்தபோது, அடியில் பழைய நெருப்பின் கரி கிடைத்தது. யாரோ எப்போதோ அங்கே அடுப்பு மூட்டிக் குளிர்காய்ந்திருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் அரசின் பழங்குடி விவகார அதிகாரி வில்லியம் ஜான்சன், பழைய போர்க்காயத்தின் உபாதையால் அவதிப்பட்டவர். 1771-ல் மோஹாக் நண்பர்கள் அவரைத் தூக்குக் கட்டிலில் சுமந்து இந்த ஊற்றுக்குக் கொண்டுவந்ததாக ஊர் வரலாறு சொல்கிறது. இரண்டு வருஷம் கழித்து டிர்க் ஸ்கௌட்டன் என்பவர் காடு வெட்டிக் குடிசை போட்டார். பழங்குடியினரோடு தகராறு, நிலைக்கவில்லை. அமெரிக்க விடுதலைப் போர் முடிந்த பிறகு வந்த அலெக்சாண்டர் பிரையன்தான் நிலைத்துத் தங்கியவர். போரில் அமெரிக்கப் படைக்கு வேவு பார்த்தவர் அவர். ஊற்றுக்கு அருகே ஒரு கொல்லுப்பட்டறையும் மரக்கட்டைச் சத்திரமும் வைத்தார்.

ஆனால் அந்த இடத்தை ஊராக்கியவர் கிடியன் புட்னம். 1789-ல் வந்தார், மரம் வெட்டி விற்றுக் காசு சேர்த்தார், 1802-ல் காட்டு நடுவே மூன்று மாடி விடுதி கட்டினார். அக்கம்பக்கத்தார் அதைப் புட்னத்தின் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். பக்கத்தில் காங்கிரஸ் ஊற்று. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருந்த கில்மன் வேட்டைக்குப் போனபோது கண்டதால் அந்தப் பெயர். பாறை இடுக்கிலிருந்து நூலாகத்தான் தண்ணீர் சொட்டும். புட்னம் அதைப் பெருக்கப் பார்த்தார். இடுக்கைத் தோண்டியதில் சொட்டியதும் நின்றுபோயிற்று. வேறு யாராவது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவரோ பக்கத்து ஓடையைக் கவனித்தார். ஓர் இடத்தில் மட்டும் விடாமல் குமிழி வந்துகொண்டிருந்தது. ஓடையைத் திருப்பிவிட்டு, அந்த இடத்தைத் தோண்டி மரக்குழாய் இறக்கினார். ஊற்று திரும்பக் கிடைத்தது. புவியியல் படித்தவரில்லை, வாயு இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று கண்ணால் கண்டுபிடித்தார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கிற நிமிஷம் அதுதான்.

தெருக்களை அகலமாக அளந்து போட்டவரும் அவரே. அடுத்த விடுதி கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்தார், 1812-ல் இறந்தார். ஊருக்கென்று அவர் ஒதுக்கிய இடுகாட்டில் முதலில் அடக்கமானவரும் அவர்தான். பின்பு ஜான் கிளார்க் காங்கிரஸ் ஊற்றை வாங்கி, தண்ணீரைப் புட்டியில் அடைத்து ஊரூராக அனுப்பினார். விடுதிகள் பெருகின, குதிரைப் பந்தயம் வந்தது, கோடையில் கூட்டம் தாங்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர்களுக்குத் தண்ணீர் வேண்டாம், வாயுதான் வேண்டும். சோடாக் கடைகளுக்குக் கரியமில வாயு விற்கும் கம்பெனிகள் ஆழமாகத் துளை போட்டன; பம்பு வைத்து உறிஞ்சின; வாயுவைப் பிரித்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டின. எங்கள் நிலம், எங்கள் கிணறு என்பது அவர்கள் வாதம். அடியில் இருந்ததோ ஒரே இருப்பு. அழுத்தம் குறையக் குறைய, தலைமுறைகளாகப் பொங்கிய ஊற்றுகள் ஒவ்வொன்றாக அடங்கின.

1908-ல் மாநிலம் அந்த விதமான பம்பு இறைப்பைத் தடுத்துச் சட்டம் போட்டது. மறு வருஷம், ஊற்று நிலங்களை அரசே வாங்கிக் காக்க ஏற்பாடு ஆயிற்று. பம்புச் சட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரே நீரிருப்பின்மேல் பலர் உட்கார்ந்திருக்கும்போது, ஒருவர் அளவு மீறி உறிஞ்சி மற்றவரைக் கெடுப்பதை அரசு தடுக்கலாம் என்று 1911-ல் தீர்ப்பு வந்தது. பம்புகள் நின்றபின் ஊற்றுகள் மெல்ல மேலேறின.

இன்றைக்கும் ஊருக்குள் பல ஊற்றுகளில் பொதுக்குழாய் உண்டு. காசு இல்லை, யாரும் பிடித்துக் குடிக்கலாம். ஒன்றின் ருசி இன்னொன்றில் இராது. முதல் தடவை குடிப்பவருக்கு ஒரு வாய்க்கு மேல் வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஹேத்தார்ன் ஊற்றுப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. அதில் உப்பு மிக அதிகம்.