பத்தே வருடம் பிரெஞ்சுக் கோட்டை!

குட்டீஸ்! பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட கடலோர ஊர் எது என்று கேட்டால், உடனே 'புதுச்சேரி' என்பீர்கள். காரைக்காலைச் சொன்னால் இன்னும் கெட்டிக்காரர்கள்! அவர்கள் கொடி பறந்த ஒரு மீனவ கிராமம் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது, தெரியுமா? அதன் பெயர் ஆலம்பரை. வாருங்கள், ஒரு சுற்று போய் வரலாம்!

கீழ்க்கட்டளையில் கிளம்பி, ரேடியல் ரோடு வழியாகத் துரைப்பாக்கம், அங்கிருந்து சோழிங்கநல்லூர் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடியுங்கள். முதலில் வருவது கோவளம். இங்கே இருந்த கோட்டையை 1750ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். இரண்டே வருடத்தில், 1752ல், ராபர்ட் கிளைவின் ஆங்கிலேயப் படை அதைப் பறித்துக்கொண்டது. கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் வரும். அங்கே இருப்பது டச்சுக்காரர்களின் கோட்டை. வியாபாரம் செய்ய வந்த ஒவ்வொரு நாட்டுக்காரரும் நம் கடற்கரையில் ஆளுக்கு ஓர் இடம் பிடித்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?

இன்னும் தெற்கே போனால் கடப்பாக்கம். சென்னையிலிருந்து சுமார் 100 கி.மீ., புதுச்சேரியிலிருந்து சுமார் 50 கி.மீ. அங்கே கடல் பக்கம் திரும்பினால், தென்னந்தோப்புகளைத் தாண்டி ஆலம்பரைக் கோட்டை தெரியும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர்கள் இப்போது இடிந்து நிற்கின்றன. ஒரு பக்கம் உப்பங்கழி. அதற்கு அப்பால் மணல்திட்டு. அதையும் தாண்டினால் வங்காள விரிகுடா!

இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? நம் கடற்கரையில் அலை அதிகம். பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. அவை ஆழ்கடலிலேயே நிற்கும். படகுகள்தான் சரக்கை ஏற்றிப் போகும். உப்பங்கழியில் தண்ணீர் அமைதியாக இருப்பதால், படகுகளை நிறுத்தவும் சரக்கு ஏற்றவும் வசதி. உப்பு, நெய், ஜரிகைத் துணி எல்லாம் இங்கிருந்து கப்பலேறின. ஆற்காடு நவாப் காலத்தில் காசு அச்சடிக்கும் நாணயச் சாலையும் இங்கே இருந்தது!

கோட்டையைக் கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் இல்லை. அது முகலாயர் காலத்தில் எழுந்தது. பதவிப் போட்டியில் முசாபர் ஜங்குக்குப் புதுச்சேரி கவர்னர் டூப்ளே உதவி செய்தார். அதற்குப் பரிசாக 1750ல் ஆலம்பரை பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தது. ஆனால் 1760ல் வந்தவாசிப் போரில் அவர்கள் தோற்றார்கள். அதே வருடம் ஆங்கிலேயர்கள் ஆலம்பரையையும் பிடித்து, எதிரி மறுபடி பயன்படுத்த முடியாதபடி கோட்டையை இடித்துவிட்டார்கள். ஆக, பத்தே வருடம்தான் பிரெஞ்சு ஆட்சி!

கோட்டை போனாலும் ஊர் போகவில்லை. மீனவர்கள் இன்றும் இங்கே வலை வீசுகிறார்கள். தெற்கே மரக்காணம் பக்கம் போனால் உப்பளங்களில் உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேர் என்று மின்னும். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டுக்காரர்தான். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது பேர் பெற்ற ஊர்!

பீரங்கி இடித்தது போக மிச்சமிருந்த சுவர்களை 2004 டிசம்பர் 26ல் வந்த சுனாமி இன்னும் கொஞ்சம் சிதைத்தது. அதையும் தாங்கிய செங்கற்களை இப்போது யார் கெடுக்கிறார்கள் தெரியுமா? சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்தான்! சுவரில் ஆணியால் பெயர் கிறுக்குகிறார்கள். மேலே ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால், பழைய பூச்சு திரும்ப வராது. மழைநீர் உள்ளே இறங்கும். பிறகு செங்கல் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்.

அதனால் நீங்கள் போகும்போது, காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். படகில் ஏறினால் உயிர்காப்பு உடை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் ஏற வேண்டாம். ஒரு செங்கல்லைக்கூட நினைவுப் பொருளாக எடுக்க வேண்டாம். அதற்குப் பதில், ஒரு நோட்டில் கோட்டையை வரைந்து கொண்டு வாருங்கள். இன்றைக்கு எவ்வளவு சுவர் நின்றது என்பதற்கு உங்கள் படமே சாட்சி!