சுமையை எப்போது இறக்குவது?

பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு நீண்ட கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையுடன் வருகிறவர் பிறர் உதவியின்றி மூட்டையை அதன்மேல் இறக்கலாம். இளைப்பாறிய பின் தாமாகவே திரும்பவும் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். தர்மத்துக்காக வைத்த கல்தான். ஆனால் அதில் ஒரு சாஸ்திரமும் அடங்கியிருக்கிறது.

மனிதன் எவ்வளவு நேரம் பாரம் தாங்குவான் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? இத்தாலியில் டூரின் நகரத்துப் பேராசிரியர் ஆஞ்செலோ மொஸ்ஸோ இதற்காக ஒரு கருவியே செய்தார். கையை அசையாமல் பிணைத்து, நடுவிரலில் ஒரு எடையைத் தொங்கவிட்டு, அதைத் திரும்பத் திரும்ப இழுக்கச் செய்வார். ஒவ்வோர் இழுப்பும் சுழலும் உருளையில் கோடாகப் பதியும். கோடுகள் வரவரக் குறுகி, கடைசியில் நின்றுவிடும். அவை குறுகும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபட்டிருந்தது. இவற்றையெல்லாம் 1891-இல் அவர் நூலாக வெளியிட்டார்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் வெளிப்பட்ட ஓர் உண்மை விசேஷமானது. 30 இழுப்பில் விரல் அடியோடு ஓய்ந்துவிட்டால், அது பழையபடி தேற 2 மணி நேரம் வேண்டியிருந்தது. 15 இழுப்போடு நிறுத்தினால்? ஒரு மணி நேரம் என்றுதானே நினைப்போம்? அரை மணியே போதுமாயிருந்தது! களைத்த பின் செய்யும் வேலைக்கு உடம்பு வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

1960-இல் ரோமெர்ட் என்னும் ஜெர்மானியர் இன்னொரு கணக்குச் சொன்னார். தன் முழு வலிமையில் பாதியைச் செலுத்தி ஒரு பாரத்தை அசையாமல் பிடித்திருப்பவர், சுமார் ஒரு நிமிஷத்தில் கையை விட்டுவிடுவார். செலுத்தும் வலிமை 15 சதவிகிதத்துக்குள் இருந்தாலோ, மிக நீண்ட நேரம் தாங்குவார். தசைக்குத் தசை இக்கணக்கு மாறும் என்று பின்வந்தவர்கள் திருத்தினார்கள். ஆயினும் பாரத்தைச் சிறிது குறைத்தால் நேரம் பன்மடங்கு பெருகும் என்பது நிலைத்துவிட்டது.

இந்தக் கணக்கெதுவும் படியாமலே அதை நடத்திக் காட்டுகிறவர்கள் நேபாள மலைப்பாதைச் சுமைகாரர்கள். 2005-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவிகிதமும், பெண்கள் 66 சதவிகிதமும் சுமந்தார்கள். நெற்றியில் மாட்டிய பட்டையில் பாரம் முதுகோடு தொங்கும். அவர்கள் மெதுவாக நடப்பார்கள், அடிக்கடி நிற்பார்கள். நிற்கும்போது கைத்தடியைச் சுமைக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொள்வார்கள். கையோடு கொண்டுபோகும் சுமைதாங்கி அது!

1967-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம், வயதுவந்த ஆண் தொழிலாளி சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சிபாரிசு செய்தது. நல்லதுதான். ஆனால், மூட்டைக்கு இத்தனை காசு என்று கூலி பெறுகிறவருக்கு, நின்ற நேரமெல்லாம் நஷ்டக் கணக்கு. ஆகவே ஓயும் வரை சுமக்கிறார். மறுநாள் அந்தக் களைப்போடே வருகிறார்.

நம் வீட்டுக்கு வரும் காஸ் சிலிண்டர் நிறைந்திருக்கையில் சுமார் 30 கிலோ. அதைத் தோளில் ஏற்றி மூன்றாம் மாடிக்கு வருகிறவர் இரண்டாம் மாடியில் சற்று நின்றால், "என்ன தாமதம்?" என்று மேலிருந்து குரல் கொடுக்கிறோம். அவர் நிற்பது சோம்பலால் அல்ல. அந்த மாடிப்படித் திருப்பத்தில் தோளளவு உயரத்தில் ஒரு திண்ணைப் பலகை அமைத்துக் கொடுப்பது நமக்குப் பெரிய செலவா?