ஏரி வீட்டுக்குள் வரலாம்! வீட்டுத் தொட்டி ஏரிக்குப் போகக்கூடாது!

புதுவை கிராமங்களில் பெரிய செடித் தொட்டி வைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

"ஆசையா மீன் வாங்கி விட்டேன் சார். நாலே நாள்ல எல்லாம் மல்லாந்து போச்சு!"

மீன் தொட்டி வைத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் வருவது இந்தப் புலம்பல்தான்.

"கண்ணு பட்டிருச்சு" என்பார் பாட்டி. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பார் அப்பா. உண்மையான கொலையாளி யார் தெரியுமா? அவசரம்!

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் புது மாடி வீடு கட்டுகிறவர்கள் கூடத்தில் நாலடி, அஞ்சடி கண்ணாடித் தொட்டி வைக்க ஆசைப்படுகிறார்கள். பிளாஸ்டிக் செடி, பிளாஸ்டிக் கோட்டை எல்லாம் பழைய கதை. நிஜமான நீர்ச்செடி வளர்த்து, குளத்தையே வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் இப்போது ஆசை.

ஆசை நல்லதுதான். செய்கிற விதத்தில் செய்தால் படுஜோராக இருக்கும். இல்லாவிட்டால் மீனுக்கும் ஆபத்து, ஊர் ஏரிக்கும் ஆபத்து.

600 கிலோ கனம்!

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். இந்தத் தொட்டியில் விளிம்பு வரை சுமார் 450 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்தால் 600 கிலோவைத் தாண்டும். அதாவது பத்து ஆட்கள் ஒரே மூலையில் ராத்திரி பகலாக நிற்பது மாதிரி.

எனவே தரைத்தளம்தான் உத்தமம். மாடியில் வைப்பதானால் கட்டிய மேஸ்திரியிடமோ பொறியாளரிடமோ கேட்காமல் வைக்கக்கூடாது. ஓரம் சாய்ந்தால் கண்ணாடி விரிசல் விடும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் தெர்மோகோல் தகடு போட்டுத்தான் தொட்டியை இறக்க வேண்டும்.

ஜன்னல் ஓரம் வேண்டாம். நேர் வெயில் பட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும். மின் வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறி வரட்டும். அப்போதுதான் வயர் வழியாக வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கை விடுமுன் மெயின் சுவிட்சை அணைக்கத் தவறாதீர்கள்.

வயல் மண் போடலாமா?

பாகூர் புதுவையின் நெற்களஞ்சியம். "நம்ம வயல் மண்ணை அள்ளிப் போட்டா செடி சும்மா கிளம்பும்" என்று நினைக்கத் தோன்றும். போடாதீர்கள்! யூரியாவும் பூச்சி மருந்தும் கண்ட மண் அது. யூரியா தண்ணீரில் அமோனியாவாக மாறும். மீனுக்கு அது விஷம்.

உரமே படாத தோட்ட மண் ஒரு அங்குலம். அதன் மேல் நன்றாகக் கழுவிய ஆற்று மணல் இரண்டு அங்குலம். இது போதும். கடற்கரை மணல் கூடவே கூடாது. அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும்.

தண்ணீரையும் கவனியுங்கள். கடலோரக் கிராமங்களில் சில போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். வாயில் வைக்க முடியாத தண்ணீரில் நன்னீர்ச் செடி வளராது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

வாய்க்கால் செடிக்குக் கடையில் விலை!

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கடைக்காரர்கள் வெளிநாட்டுப் பெயர் சொல்லிக் கொத்துக் கொத்தாக விற்கும் செடிகளில் சில, நம்ம ஊர் வாய்க்காலிலேயே கிடக்கின்றன.

"பகோபா" என்று விற்பது நம்முடைய நீர்ப்பிரமி. நாட்டு வைத்தியர்கள் ஞாபகசக்திக்குக் கொடுக்கிற அதே செடி. நாலு இலை விரித்து நிற்கும் ஆரைக்கீரையும் தொட்டிச் செடிதான். வேலம்பாசி மளமளவென்று வளர்ந்து அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும்.

மூதுரையில் உண்மையான உறவுக்கு ஔவையார் உவமை காட்டிய கொட்டி இருக்கிறதே, அதன் இனத்துச் செடிகளைத்தான் உலகம் முழுக்கத் தொட்டிகளில் கிழங்கு நட்டு வளர்க்கிறார்கள். கொட்டிக்கு ஓய்வுக் காலம் உண்டு. இலை கருகினால் செத்துவிட்டது என்று வீசிவிடாதீர்கள். கிழங்கு உயிரோடு இருந்தால் மறுபடி துளிர்க்கும்.

இவை நம்ம வெயிலுக்குப் பழகியவை. சித்திரைச் சூட்டில் குளிர்நாட்டுச் செடி கூழாகும்போது இவை தாக்குப்பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் செலவும் தேவையில்லை. தினமும் ஏழெட்டு மணி நேரம் எல்.இ.டி. விளக்கு எரிந்தால் போதும்.

சொந்த நிலத்து வாய்க்காலில் எடுத்த செடியானாலும் அப்படியே போடக்கூடாது. அட்டை வரும், தும்பிப் புழு வரும். தும்பிப் புழு மீன் குஞ்சுகளைப் பிடித்துத் தின்றுவிடும். பொட்டாசியம் பர்மாங்கனேட்டை இளம் ரோஜா நிறம் வருமளவு கரைத்து, பத்து நிமிஷம் ஊறவைத்து, அலசிவிட்டு நடுங்கள்.

ஊசுடு ஏரியில் மட்டும் கை வைக்காதீர்கள்! அந்த ஏரியின் புதுவைப் பகுதி 2008-லேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே செடி பறிப்பதும் மீன் பிடிப்பதும் சட்டப்படி குற்றம்.

ஒரு மாதம் பொறுங்கள்

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

மீன் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அதை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டைச் செடி சாப்பிட்டுவிடும்.

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு கிடையாது. மணலிலும் வடிகட்டியிலும் அவை குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் கூட்டமாக மீனை விட்டால் தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகும். பாட்டி சொன்ன கண்ணு இதுதான்!

ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய வடிகட்டி ஸ்பஞ்சு ஒரு துண்டு வாங்கிப் போட்டால் காத்திருக்கும் நாள் குறையும். கடையில் கிடைக்கும் பரிசோதனைப் பெட்டியால் பாருங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு நாலைந்து மீன் விடலாம்.

செடியும் மீனும் ஒன்றையொன்று காப்பாற்றும் என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-லேயே மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வாழவைத்துக் காட்டினார். அழுகிய இலையைத் தின்றுவிடுவது நத்தையின் வேலை!

காத்திருக்கும் நாளில் கொசு முட்டையிடும், ஜாக்கிரதை! கொசுவால் பரவும் நோய்களை ஆராய 1975-ல் மத்திய ஆராய்ச்சி மையம் அமைந்த ஊர் நம்ம புதுவை. நாமே டெங்கு கொசுவை வளர்க்கலாமா? தொட்டியை வலை போட்டு மூடிவையுங்கள்.

விடியற்காலை ஆபத்து

செடி பகலில் பிராணவாயு தரும். ராத்திரியில் அதுவும் மீனோடு சேர்ந்து பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் இதுதான் காரணம். ராத்திரி காற்று மோட்டார் ஓடட்டும். கரண்ட் கட்டுக்கு பேட்டரி மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

சின்ன மீனாகவே விடுங்கள். கப்பி, மோலி, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம்ம ஊர்ப் பொடி மீன் எல்லாம் சரி. கோல்டு பிஷ் செடியைப் பிடுங்கித் தின்னும். விரால் மற்ற மீனையே தின்னும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். எடுத்த தண்ணீரை வாழைக்கும் மல்லிக்கும் ஊற்றலாம். நல்ல உரம்!

கடைசி எச்சரிக்கை

தொட்டி அலுத்துவிடும். அல்லது மீன் பெருத்துவிடும். "பாவம், கொல்ல வேணாம், ஏரியில விட்டுருவோம்" என்று வாளியோடு கிளம்புவார்கள்.

அந்தப் பாவ புண்ணியம்தான் ஊரைக் கெடுக்கிறது.

"டேங்க் கிளீனர்" என்று விரல் நீளத்தில் விற்கிறார்களே, அது தென் அமெரிக்க மீன். ஓர் அடிக்கு மேல் வளரும். உடம்பெல்லாம் முள் தகடு. வலையைக் கிழிக்கும், நம்ம மீனின் இரையைப் பறிக்கும். தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் அது புகுந்துவிட்டது. குளம் குட்டைகளை மூடிக்கிடக்கும் வெங்காயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடிதான்!

பாகூர் ஏரியும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலும் சிங்காரி, பங்காரி என்ற இரண்டு பெண்கள் ஊருக்காகத் தந்தவை என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். அந்த ஏரியில் நாம் ஒரு வாளி வினையைக் கொட்டலாமா?

வேண்டாத மீனை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். இல்லை, தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள். கழித்த செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.

ஏரியில் மட்டும் விடாதீர்கள்!