உங்களுக்குத் தெரியுமா? பெண்களுக்குக் கதவு திறந்த சென்னை

1920-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நடந்த தேர்தலில் பெண்களுக்கு ஓட்டே இல்லை. ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த அந்தச் சபைதான் மறு ஆண்டே பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கித் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல் முறை! சொத்து, வரித் தகுதி இருந்ததால் ஓட்டுப் போட முடிந்த பெண்கள் மிகச் சிலரே என்பதையும் சொல்லியாக வேண்டும். 1926-ல் இதே சபைக்கு மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் சொற்ப வாக்குகளில் தோற்றார். நியமன உறுப்பினராக உள்ளே வந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோ சபையின் துணைத் தலைவரானார். கோயில் மானிய நிலத்தை அனுபவிக்கும் தேவதாசி அதற்காகக் கோயில் பணி செய்தே தீரவேண்டும் என்ற கட்டு, அவர் கொண்டுவந்த திருத்தத்தால் 1929-ல் நீங்கியது. நிலம் அந்தப் பெண்களிடமே நின்றது.