செருப்பு நழுவுகிறதா?



நடக்கையில் ஒரு காலின் செருப்பு மட்டும் கழன்று விழுகிறது, விழுந்ததே தெரிவதில்லை. இரண்டு தெரு நடந்தபின் பாதம் தரையில் உரசுகிறது. கண்ணை மூடி முகம் கழுவினால் உடல் தள்ளாடுகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் வாலிபரை, "பலவீனம்தான், டானிக் சாப்பிடு" என்று அனுப்பிவிடுவது எளிது. ஆனால் இவை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு வியாதியின் முதல் அடையாளங்களாகவும் இருக்கலாம்.

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளுக்கு, மின்கம்பியின் மேலுறையைப் போல, மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு சக்தியே அந்த உறையைத் தாக்குவதுதான் இவ்வியாதி. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே அதிகம். மேலை நாடுகளைவிட இந்தியாவில் குறைவாகக் காணப்படுவதால், சட்டென்று இது யாருடைய நினைவுக்கும் வருவதில்லை.

மேலும், முதல் தாக்குதல் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுவதுண்டு. எண்ணெய் தேய்த்ததில் சரியாயிற்று என்று வீட்டார் நிம்மதியடைவார்கள். மாதங்கள் கழித்து அது வேறு உருவில் திரும்பும். வெயிலில் கால் தளர்ந்து, நிழலில் இளைப்பாறியதும் தேறுவதும் ஒரு குறிப்பு. நம் ஊர் வெயிலில் இதை யார் வியாதி என்று எண்ணுவார்கள்!

முதல் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. வராந்தாவில் 25 அடி அளந்து கோடு போட்டு, விழாமல் விரைவாக நடக்கச் சொல்லி நேரம் குறிப்பார்கள். முன்பு 5 விநாடி எடுத்தவர் இப்போது 6 விநாடி எடுத்தால், அந்த 20 சதவீத மாற்றத்தை அலட்சியம் செய்யக்கூடாது. ஆரம்ப நிலையில் இருப்பவர் 25 அடியைச் சுலபமாகக் கடந்துவிடுவார். அவரை ஆறு நிமிடம் நடக்கவிட்டால்தான் கால் இழுப்பது தெரியும். குதிகால் மறுகாலின் விரல்நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாட்டம் வெளிப்படும். வைட்டமின் பி12 குறைவினாலும் இதே குறிகள் வரலாம். எனவே இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

அழிந்துபோன நரம்பிழை மீண்டும் வளராது. 1993ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பீட்டா இன்டர்ஃபெரான் தொடங்கி, இன்று பல மருந்துகள் உள்ளன. அவை வியாதியை முற்றிலும் நீக்குவதில்லை; அடுத்த தாக்குதல்களைக் குறைக்கின்றன. ஆகையால் கோல் ஊன்றும் நிலை வருமுன்னே தொடங்கவேண்டும்.

ஏழைக் குடும்பங்களுக்கு ஸ்கேன் கட்டணமே முதல் தடை. உங்கள் காணிக்கையில் ஒரு பகுதியை இதற்கென்று குறித்து அனுப்பலாம். சிகிச்சை பெறும் வாலிபருக்காகவும், அவர்களை நடக்கப் பழக்கும் பிசியோதெரபி ஊழியருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.