வணிகத் தடையும் நூற்பதிப்பும்

பிற நாடுகளோடு வாணிகத்தைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் நூல்களையும் தடுக்குமோ என்னும் வினாவிற்கு, 1988-இல் இயற்றப்பெற்ற பெர்மன் திருத்தம் விடை தந்தது. நூல், இதழ், திரைப்படம், இசைத்தட்டு முதலிய செய்திப் பொருள்கள் தடையினின்று நீக்கப்பெற்றன. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விதிவிலக்கை மேலும் விரித்தது.

ஆயினும், தடைகளைச் செயற்படுத்தும் கருவூலத் துறை அலுவலகம், முற்றும் ஆக்கப்பெற்ற நூலுக்கே விதிவிலக்கு உரியது எனக் கொண்டது. அதன்படி, ஈரானியர் எழுதிய கட்டுரையை உள்ளவாறே அச்சிடலாம். ஆனால் அதன் இலக்கணப் பிழைகளைத் திருத்துதலும் பத்திகளை முறைப்படுத்துதலும் இசைவின்றிச் செய்யலாகாப் பணிகள் என்று 2003-இல் அவ்வலுவலகம் உரைத்தது. 2004-இல் பதிப்பாளர் அமைப்புகளும், நோபல் பரிசு பெற்ற ஈரானிய வழக்கறிஞர் சிரின் எபாடியும் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ஈரான், கியூபா, சூடான் நாட்டு ஆசிரியர்தம் நூல்களைச் செப்பஞ்செய்து வெளியிடப் பொது இசைவு வழங்கப்பெற்றது; அந்நாட்டு அரசுகளுக்கு அஃது உரியதன்று.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பிழை களைதல் நூலாக்கத்தின் உறுப்பாயின், அது சட்டம் தந்த உரிமையுள் அடங்கும். தனிப் பணியாயின், அலுவலகத்தின் இசைவை வேண்டி நிற்கும். உரிமையை நீக்கச் சட்டமே மாறவேண்டும். இசைவையோ வழங்கியோரே மீட்கலாம்.